கடைக்குப் போனால் குழந்தையையும் கூட்டிப் போங்கள்: ஒன்றரை வயது முதல் மூன்றரை வயது வரை

கொத்தமல்லிக் கட்டு பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. பால், மாவு, மருந்து எல்லாமே அப்படித்தான். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அடுக்ககத்தில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை ஒரு வாரத்தில் யார் யாரைப் பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பா, அம்மா, ஒருவேளை பாட்டி, கைப்பேசிக்குள் ஒரு சித்தி. வீட்டாள் அல்லாத ஒருவரிடம் அது எதையாவது கேட்டதுண்டா, கொடுத்ததுண்டா? கதவைத் திறந்தால் ஒரு கை பையை நீட்டுகிறது, ஓ.டி.பி. சொன்னதும் போய்விடுகிறது. அதுதான் அந்தக் குழந்தை அறிந்த வெளியுலகம். பிறகு ப்ரீகேஜியில் சேர்த்ததும் "யார்கிட்டயும் ஒட்ட மாட்டேங்கிறான்" என்று கவலைப்படுகிறோம்.

உடனே நமக்குத் தோன்றுவது, மாலில் இருக்கும் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போய் நான்கு குழந்தைகளோடு பழகவிடலாம் என்பது. இரண்டு வயதுக்காரருக்கு அது கடினமான பாடம். இந்த வயதில் குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடும். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே இதைக் கவனித்துப் பதிவு செய்துவிட்டார். எதிரில் இருப்பதும் இன்னொரு இரண்டு வயது; அது விட்டுக்கொடுக்காது, காத்திருக்காது, பொம்மையைப் பிடுங்கும். கடைக்காரர் அப்படியல்ல. அவர் பெரியவர், குழந்தைக்கு ஏற்றபடி தாழ்ந்து வருவார். கேட்டதைக் கொடுப்பார், இல்லை என்றால் சிரித்துக்கொண்டே சொல்வார். பழகக் கற்றுக்கொள்ள அவர்தான் எளிய ஆள்.

இந்த வயதில் சமூகத் திறன் என்றால் "ஆன்ட்டிக்கு குட் மார்னிங் சொல்லு" அல்ல. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பது, தன் முறை வரும்வரை நிற்பது, கொடுத்து வாங்குவது, வேண்டியதைக் கேட்பது, "இல்லை" என்ற பதிலைத் தாங்கிக்கொள்வது. இந்த ஐந்தும் ஒரு மளிகைக் கடையில் ஐந்து நிமிடத்துக்குள் நடக்கின்றன.

முதல் படி: எந்த வேலைக்குக் கூட்டிப்போவது

எல்லா வேலைக்கும் வேண்டாம். ஒரே கடை, வீட்டிலிருந்து போய்வர அரை மணிக்குள், ஒவ்வொரு முறையும் அதே ஆள். இந்த மூன்றும் இருந்தால் போதும். தெருமுனைப் பூக்காரம்மா, அண்ணாச்சி கடை, மாவுக்கடை, ஆவின் பூத், இஸ்திரி வண்டி இவையெல்லாம் பொருத்தமானவை.

என்னைக் கேட்டால் இஸ்திரி வண்டிக்கே முதலிடம். துணியைக் கொடுக்கிறோம், பிறகு போய் வாங்குகிறோம். ஒரே ஆளை இரண்டு முறை பார்க்கிறது குழந்தை. நாம் கொடுத்தது நம்மிடமே திரும்பி வரும் என்பது அந்த வயதுக்கு லேசான விஷயமல்ல. பொம்மையை இன்னொரு குழந்தையிடம் கொடுக்கச் சொன்னால் அது ஏன் அலறுகிறது? திரும்பி வராது என்று நினைப்பதால்தான். அப்பாவின் சட்டை போனது, மடிப்போடு திரும்பி வந்தது என்று பார்த்துப் பழகட்டும். சூடான பெட்டி கைக்கு எட்டாத பக்கமாக நிறுத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தவிர்க்க வேண்டியவை: சாமான் போடும் முதல் நாள் ரேஷன் கடை, வங்கி, பண்டிகை நேரத்து ஜவுளிக்கடை. சூப்பர் மார்க்கெட்டையும் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அங்கே தள்ளுவண்டிக்குள் உட்காரும் குழந்தை யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பில் போடும் இடத்தில் மட்டும் சாக்லெட்டுகள் சரியாக அதன் கண் மட்டத்தில் காத்திருக்கும்.

நேரமும் முக்கியம். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு. காலை பத்தரை, மாலை ஐந்து மாதிரி கடையில் கூட்டம் இல்லாத பொழுது. பசியோடு கூட்டிப்போனால் எந்த வழிகாட்டியும் உதவாது.

இரண்டாம் படி: கிளம்பும் முன்

செருப்புப் போடும்போதே மூன்று விஷயம் சொல்லுங்கள். எங்கே போகிறோம், யாரைப் பார்ப்போம், உன் வேலை என்ன. "அண்ணாச்சி கடைக்குப் போறோம். தேங்காய் வாங்கப் போறோம். நீதான் பையில போடணும்." இதற்கு மேல் நீட்டினால் காதில் ஏறாது.

குழந்தைக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை சரியான அளவு. துணி என்பதால் இழுத்தாலும் கிழியாது. சொந்தப் பை இருந்தால் குழந்தையின் நடையே மாறிவிடும்.

வேறு ஏதாவது வாங்கித் தருவதாக இருந்தால் அதையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். வாங்கப் போவதில்லை என்றால் அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். கடை வாசலில் முதன்முதலாகக் கேட்கும் "இன்னிக்கு எதுவும் கிடையாது" என்பதைக் குழந்தை துரோகமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: உண்மையான ஒரு வேலை

மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். குழந்தையைச் சாமான் பை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்வந்தால் ஒன்றும் நடக்காது. அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். பாவனை வேலை அல்ல, நிஜமாகவே தேவைப்படும் வேலை.

குழந்தைகளுக்கு உதவி செய்ய ஆசை இருக்கிறதா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வார்னகென், மைக்கேல் டொமசெல்லோ என்ற இருவர் 2006இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே தவறவிட்டு, எட்டாமல் தவிப்பதுபோல் நிற்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தைகள், யாரும் சொல்லாமலே, போய் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு கையிலும் சுமையோடு அலமாரிக் கதவில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றபோது கதவைத் திறந்துவிட்டவர்களும் உண்டு. நம் வீட்டில் அதே ஆசையோடு ஓடிவரும் கையைத்தான் "நீ சும்மா இரு, கொட்டிருவ" என்று தள்ளிவிடுகிறோம்.

வயதுக்கேற்ற வேலைகளைத் தோராயமாகச் சொல்கிறேன். உங்கள் குழந்தை ஆறு மாதம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ஒன்றரை வயதில்: பொருளைப் பையில் போடுவது, பத்து ரூபாய்த் தாளைக் கடைக்காரர் கையில் வைப்பது. நாணயம் கொடுக்காதீர்கள், வாய்க்குள் போய்விடும். தாள் கசங்கினால் கசங்கட்டும், அண்ணாச்சி நீவி எடுத்துக்கொள்வார்.

இரண்டு வயதில்: பொறுக்கி எடுப்பது. தக்காளி கொஞ்சம் ஆபத்தான தேர்வு. குழந்தை கையில் எடுத்ததுமே அமுக்கும், கடைக்காரம்மா முகம் சுளிப்பார். உருளைக்கிழங்கு, எலுமிச்சை, சின்ன வெங்காயம் என்று ஆரம்பியுங்கள். எலுமிச்சை கைக்கு அடங்கும், முகர்ந்து பார்க்கலாம், விழுந்தாலும் நசுங்காது. "மஞ்சளா இருக்கிறத மட்டும் எடு" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பச்சையும் ஒன்றிரண்டு வரும். அதை அது பார்க்காதபோது மாற்றி வைக்காதீர்கள். வாங்கி வந்துவிடுங்கள், சட்னிக்கு ஆகும். எடுத்ததைத் திருப்பி வைப்பதைக் கண்டுவிட்டால், நடந்தது நாடகம் என்று அதற்குத் தெரிந்துபோகும்.

இரண்டரையில்: வாயால் கேட்பது. "எலுமிச்ச ரெண்டு" என்றால் போதும், முழு வாக்கியம் வேண்டாம். இந்த வயதிலேயே இன்னொருவருக்காக வாங்கும் வேலையையும் கொடுக்கலாம். பாட்டிக்கு வெற்றிலை, தாத்தாவுக்கு ரஸ்க். தனக்குப் பிடித்தது வேறு, அடுத்தவருக்குப் பிடித்தது வேறு என்பது ஒன்றரை வயதிலேயே புரியத் தொடங்கிவிடுகிறது. 1997இல் பெட்டி ரெபகோலி, அலிசன் கோப்னிக் செய்த சோதனையில், ஒரு பெண் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்து, ப்ரோக்கோலியைத் தின்று மகிழ்ந்து காட்டினார். பிறகு கையை நீட்டிக் கேட்டபோது, பதினான்கு மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். பதினெட்டு மாதக் குழந்தைகள் அவருக்குப் பிடித்த ப்ரோக்கோலியைக் கொடுத்தார்கள். "தாத்தாவுக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்வி இந்தப் புரிதலைத்தான் தினமும் தீட்டுகிறது.

மூன்று வயதுக்கு மேல்: இரண்டு பொருளை நினைவில் வைத்துக் கேட்பது, "எவ்ளோ?" என்று விலை கேட்பது, மீதிச் சில்லறை வாங்கும்வரை நின்று வருவது.

நான்காம் படி: கடை முன்னால் நீங்கள் வாயை மூடிக்கொள்வது

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான படி இதுதான், குழந்தைக்கல்ல, நமக்கு.

முதலில் உயரம். அண்ணாச்சி கடையின் மேடை குழந்தையின் தலைக்கு மேலே இருக்கும். கீழே நின்றால் பிஸ்கட் டப்பாவின் அடிப்பாகம்தான் தெரியும். தூக்கி இடுப்பில் வைத்து, இருவர் முகமும் நேருக்கு நேர் வரும்படி நில்லுங்கள். பூக்காரம்மா தரையில் உட்கார்ந்திருப்பவர் என்றால் நீங்களும் குந்திவிடுங்கள்.

அடுத்தது, கடைக்காரரைக் கூட்டுச் சேர்ப்பது. முதல் நாளே சொல்லி வையுங்கள்: "அண்ணாச்சி, இனிமே பாப்பாதான் கேப்பா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க." பெரும்பாலானவர்களுக்கு இது பிடிக்கும். "என்ன வேணும் தாயி, சொல்லு" என்று எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்.

குழந்தை பேசாது. உங்களைத் திரும்பிப் பார்க்கும். இந்த இடத்தில் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள் நமக்கு வியர்த்துவிடும். பாட்டி கூட வந்திருந்தால் மூன்றாவது எண்ணிக்கையிலேயே "தேங்காய்ன்னு சொல்லுடி தங்கம்" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். பத்து ஆகியும் வாய் திறக்கவில்லையா, "நான் கேக்கட்டுமா?" என்று குழந்தையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நீங்களே கேளுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

சொல்லவே கூடாதது ஒன்று: "இவ ரொம்பக் கூச்சப்படுவா." நம்மை மன்னிக்கச் சொல்லிக் கேட்பதற்காக இதைச் சொல்கிறோம். குழந்தை அதைத் தன் பெயரைப்போல எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு, "இன்னிக்குக் கேட்டுட்டு இருக்கா, அப்புறம் பேசுவா" என்று சொல்லலாம்.

பின்னால் நான்கு பேர் நிற்கிறார்களா? பாடத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். அலுவலகத்துக்கு ஓடுகிறவரை நிறுத்தி வைத்து நம் பிள்ளைக்குப் பழக்கம் சொல்லிக் கொடுப்பது முறையல்ல.

கூச்ச சுபாவமுள்ள குழந்தைக்கு இதையே ஏணிப்படியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்த்தாலே போதும். பிறகு கையாட்டல். பிறகு பணத்தை நீட்டுவது. அப்புறம் ஒரு சொல். ஒரு படியிலேயே ஒரு மாதம் நின்றால் நிற்கட்டும். இதில் நம் முகம்தான் அதற்கு வழிகாட்டி. 1985இல் ஒரு ஆய்வில், கண்ணாடித் தளத்தின்கீழ் பள்ளம் இருப்பதுபோல் அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை அந்தப் பக்கம் தவழ்ந்து வரவிட்டார்கள். எதிரில் அம்மா சிரித்த முகமாக இருந்தபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்து வந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. கடைக்காரரிடம் நாமே சிடுசிடுத்தாலோ, முகம் பார்க்காமல் கைப்பேசியை நோண்டியபடி ஸ்கேன் செய்துவிட்டு நகர்ந்தாலோ, குழந்தை அதைத்தான் கற்கும். சொல்லப்போனால், இந்தப் பயணங்களுக்கு மட்டும் யு.பி.ஐ.யை மறந்துவிட்டுக் கையில் காசு எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர் பெட்டி "பணம் பெறப்பட்டது" என்று கத்துவதில் குழந்தைக்குப் பங்கு ஏதும் இல்லை.

ஐந்தாம் படி: வரிசை

காத்திருக்கும்போது கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் வேலை எளிது, ஆனால் வந்த காரியம் போச்சு. முறையைக் கண்ணால் காட்டுங்கள். "மொதல்ல அந்தத் தாத்தா. அப்புறம் பச்சைச் சேலை அக்கா. அப்புறம் நாம." தாத்தா வாங்கிக்கொண்டு போனதும் "தாத்தா முடிஞ்சது. அடுத்து யாரு?" என்று கேளுங்கள். நமக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் இருந்தால் அது நல்ல பயிற்சி. எட்டுப் பேர் இருந்தால் தண்டனை. வீட்டுக்குத் திரும்பி அப்புறம் வரலாம்.

ஆறாம் படி: "அது வேணும்!"

இது வராமல் இருக்காது. தொங்கும் சிப்ஸ் சரத்தைப் பார்த்ததும் உடம்பு வில்லாக வளையும், தரையில் உருளும், தெருவே திரும்பிப் பார்க்கும்.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். குனிந்து, சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை: "உனக்கு அது வேணும். இன்னிக்கு வாங்கல." பிறகு விளக்கம் வேண்டாம், பேரம் வேண்டாம். அழுகை ஏறினால் "அண்ணாச்சி, எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். நிழலில் நின்று அடங்கும்வரை காத்திருந்து, முடிந்தால் திரும்பப்போய் அந்தத் தேங்காயை வாங்கி முடியுங்கள். அழுகை நின்றபின் வேலையை முடிப்பது நல்லது, கட்டாயமில்லை. அழுகையின் நடுவில் வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடாது. அதைவிட, அழும் முன்னாலேயே வாங்கிக் கொடுத்துவிடுவது மேல்.

பார்க்கிறவர்கள் சொல்வார்கள்: "பிள்ளை கேக்குதில்ல, ஒண்ணு வாங்கிக் குடும்மா." சிரித்துவிட்டு நகருங்கள். அவர்களோடு வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடைக்காரரே அன்போடு ஒரு மிட்டாயை நீட்டினால்? வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், மறுப்பது அவரைப் புண்படுத்தும். ஆனால் உருண்டை மிட்டாய், முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை மூன்றும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கக்கூடியவை. "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்று பைக்குள் போட்டுவிடுங்கள்.

"சமர்த்தா வந்தா சாக்லெட்" என்ற ஒப்பந்தம் மட்டும் வேண்டாம். துணிக் கிளிப் ஆய்வைச் செய்த வார்னகென், டொமசெல்லோ இருவரும் 2008இல் இருபது மாதக் குழந்தைகளிடம் இதையும் சோதித்தார்கள். உதவி செய்ததற்குப் பரிசாகப் பொருள் வாங்கிய குழந்தைகள் பிற்பாடு குறைவாகவே உதவினார்கள். பாராட்டு மட்டும் கேட்டவர்களும், எதுவுமே பெறாதவர்களும் உதவிக்கொண்டே இருந்தார்கள்.

ஏழாம் படி: கன்னம் கிள்ளுகிறவர்கள்

நம் ஊரில் குழந்தையோடு தெருவில் இறங்கினால் எல்லாரும் உறவு. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, இதிலேயே ஒரு தொல்லையும் உண்டு. கன்னத்தைக் கிள்ளுவார்கள், "ஒரு முத்தா குடு" என்பார்கள், கேட்காமலே தூக்குவார்கள். குழந்தை பின்வாங்கினால் அதைத் தள்ளிவிடாதீர்கள். "முத்தா வேணாமாம் அத்தே, ஹை-ஃபை குடுப்பா" என்று நீங்களே மாற்று வழி காட்டிவிட்டால் யார் மனமும் நோகாது. வணக்கம், கையாட்டல், எதுவானாலும் சரி. தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொன்னால் அம்மா பக்கத்தில் நிற்பாள் என்று இந்த வயதிலேயே தெரிந்திருப்பது நல்லது. பின்னால் பெரிய ஆபத்துகளில் அது கைகொடுக்கும்.

இன்னொன்று கேலி. "உன் தம்பியை நான் தூக்கிட்டுப் போயிடவா?" "உங்கம்மா என்கூட வரேன்னு சொல்லிட்டா." பெரியவர்களுக்குச் சிரிப்பு, இரண்டு வயதுக்கு அது நிஜம். உடனே பக்கத்தில் குனிந்து "சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாங்க, தம்பி நம்மகூடத்தான் வருவான்" என்று சொல்லிவிடுங்கள். கேலி செய்தவர் காதிலும் அது விழட்டும். "அழுதா போலீஸ் புடிச்சிரும்", "டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிருவேன்" என்று நாமே மிரட்டுவதையும் நிறுத்த வேண்டும். தொலைந்துபோனால் காக்கிச் சட்டைக்காரரிடம்தான் அந்தக் குழந்தை போய் நிற்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: போகும் வழி

நடந்து போவதே மேல். சாலையின் உள்பக்கமாகக் குழந்தை, வண்டி வரும் பக்கம் நீங்கள். அவசரத்தில் ஒரு கையைப் பிடித்துச் சுண்டி இழுக்காதீர்கள். இந்த வயதில் முழங்கை மூட்டு சட்டென்று நழுவிவிடும்.

இருசக்கர வாகனம் என்றால், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், அளவான ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்குள் என்பது 2023 பிப்ரவரி முதல் சட்டம். பேருந்து இன்னும் நல்ல வாய்ப்பு. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை கட்டணம் இல்லை. அம்மாவின் டிக்கெட்டை நடத்துநரிடமிருந்து வாங்கும் வேலையைக் குழந்தைக்குக் கொடுங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு மூன்று நிறுத்தம் போய் இறங்கினால் போதும்.

தெருக்கடைகள் பழகியபின் உழவர் சந்தைக்குப் போகலாம். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய சந்தைகள் இவை. காலை நெரிசல் ஓய்ந்தபின் போனால் விற்பவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். வரிசையாகக் கடைகள் என்பதால் "இந்தப் பாட்டிகிட்ட இல்ல, அடுத்த கடையில கேப்போம்" என்று "இல்லை"யைப் பலமுறை, வலிக்காமல் கேட்டுப் பழகும் இடம் அது.

வீட்டுக்கு வந்தபின்

பையைக் கவிழ்த்து, வாங்கியதை இடத்தில் வைக்கும்வரை குழந்தையின் வேலை முடியவில்லை. வெங்காயம் கூடையில், எலுமிச்சை ஃப்ரிட்ஜில். மாலையில் அப்பா வந்ததும் "இன்னிக்கு அண்ணாச்சி உன்கிட்ட என்ன கேட்டார்?" என்று ஒரு கேள்வி போட்டுவிடுங்கள். பதில் பாதி கற்பனையாக வரும், திருத்த வேண்டாம். சொப்புச் சாமானை எடுத்து வைத்துக் கடை விளையாட்டு விளையாடினால், அது கடைக்காரராகி உங்களைக் காக்க வைக்கும். வெளியே எதையெல்லாம் கவனித்தது என்று அப்போது தெரியும்.

தாத்தா கூட்டிப்போனால் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பார். சண்டை போடாதீர்கள். அம்மாவோடு போனால் ஒரு விதி, தாத்தாவோடு போனால் வேறு விதி என்பதைக் குழந்தைகள் வெகு சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

கடைக்குக் கூட்டிப்போய்ச் சரிசெய்ய முடியாத சில அறிகுறிகளும் உண்டு. ஒன்றரை வயதாகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோயின என்றால் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சித் தாமதங்களைப் பார்ப்பதற்கென்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

மூன்றரை வயதில், பழகிய கடையில், நீங்கள் வாசல்படியில் நின்றுகொண்டு குழந்தையை மட்டும் உள்ளே அனுப்பிப் பார்க்கலாம். ஒரு பொருள், அதன் விலைக்குச் சரியான தாள், கூட்டமில்லாத நேரம். தெருவைக் கடக்க வேண்டிய கடை என்றால் அதற்கு இன்னும் பல வருடம் ஆகும்.